எந்த உயிரிடம் எந்தக் கேள்வி?
பிறப்புறுப்பு ஹெர்பிஸ் ஆய்வில் விலங்குகள்

(கறம்பக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியல் பேச வேண்டும், அது ஊருக்குப் பயன்பட வேண்டும். அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். ஒரு பால்வினை நோயைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் மறுப்பேதும் சொல்லாமல் அழைப்பிதழில் அப்படியே அச்சிட்டார்கள். அதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். அழைப்பிதழைப் பார்த்த பிறகும் இத்தனை பேர், அதிலும் இத்தனை பெண்கள், வந்திருக்கிறீர்கள். அதற்கு இரண்டாவது நன்றி.

இப்படி வெளிப்படையாகப் பேசுவது இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்ணின் உடலைப் பற்றியும், அந்த உடலுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றியும் சட்டமன்றத்தில் எழுந்து பேசியவர். அவர் பிறந்த மண்ணில் இந்தத் தலைப்பைப் பேசக் கூச்சப்படுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் என்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வரும் தொற்று. இந்த வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரக் கொப்புளமாக வரும், பிறப்புறுப்பிலும் வரும். இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவு மூலம் பரவுவது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் சுமார் 84 கோடிப் பேருக்குப் பிறப்புறுப்பில் இந்தத் தொற்று இருக்கிறது. அதாவது அந்த வயதினரில் ஐந்தில் ஒருவருக்கு மேல். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. இவ்வளவு பரவலான ஒரு நோய்க்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது, முற்றாகக் குணமாக்கும் மருந்தும் கிடையாது. ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் தேடிப் போனால் முயல், சுண்டெலி, கினிப்பன்றி, குரங்கு என்று வரிசையாகச் சில உயிர்களைச் சந்திக்க வேண்டியிருக்கும். நான் கால்நடை மருத்துவம் படித்தவன். அந்தப் பக்கத்திலிருந்தே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

நம் தொழுவத்திலும் உண்டு

ஹெர்பிஸ் குடும்பம் நமக்கு அந்நியமானதல்ல. பிள்ளைகளுக்கு வரும் சின்னம்மை இந்தக் குடும்பத்து வைரஸால் வருவது. சின்னம்மை வந்துபோன பல ஆண்டுகள் கழித்து அதே வைரஸ் உடம்பில் ஒரு பக்கமாக அக்கியாகக் கிளம்பும். காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் இன்றும் நம் கிராமங்களில் இருக்கிறது.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு மேரக்ஸ் நோயைத் தெரியும். கால் விழுந்து, உள்ளுறுப்புகளில் கட்டி வந்து கோழி சாகும். அதற்குக் காரணமும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ்தான். குஞ்சு பொரித்த அன்றே கழுத்துத் தோலுக்கடியில் ஊசி போடுகிறார்களே, அது வான்கோழியின் ஹெர்பிஸ் வைரஸிலிருந்து செய்த தடுப்பூசியாக இருக்கும். 1970 வாக்கில் புழக்கத்துக்கு வந்த அந்தத் தடுப்பூசி, ஒரு புற்றுநோய்க்கு எதிராக வெற்றி பெற்ற முதல் தடுப்பூசியாகச் சொல்லப்படுவது. ஆனால் அது கோழியை நோயிலிருந்து காக்குமே தவிர, வைரஸ் உடலுக்குள் நுழைவதையும் மற்றக் கோழிகளுக்குப் பரவுவதையும் முழுதாக நிறுத்தாது. நோயைத் தடுப்பது வேறு, தொற்றைத் தடுப்பது வேறு. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

மாட்டுக்கு வரும் ஐ.பி.ஆர். நோயும் ஹெர்பிஸ் வகைதான். சளியாகவும் கருச்சிதைவாகவும் வரும். பசுவின் பிறப்புறுப்பில் கொப்புளங்களாகவும் வரும். ஒருமுறை தொற்றிய காளை வாழ்நாள் முழுதும் அதைச் சுமக்கும். வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. விந்து வழியே வைரஸ் போகக்கூடும் என்பதால்தான் உறைவிந்து நிலையங்களில் பொலிகாளைகளுக்கு இந்த வைரஸ் உண்டா என்று சோதிக்கிறார்கள். பக்கத்தில் ஈச்சங்கோட்டையில் அப்படியொரு நிலையம் இருக்கிறது. சினை ஊசி போட மாட்டை ஓட்டிவரும் விவசாயி, பசுவின் மடியையும் அறையையும் பற்றி மருத்துவரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார். தன் உடம்பில் அதே மாதிரி ஒரு புண் வந்தால் அவரே ஆறு மாதம் மறைத்து வைக்கிறார்.

முயலின் கண், எலியின் பாதம்

ஹெர்பிஸ் புண்ணிலிருந்து எடுத்த நீரை முயலின் விழிப்படலத்தில் தடவினால் அங்கேயும் புண் உண்டாகிறது என்பதைச் சுமார் நூறாண்டுகளுக்கு முன் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் குருட்டர் காட்டினார். கொப்புளத்துக்குள் இருப்பது தொற்றக்கூடிய ஒன்று என்பது அப்படித்தான் உறுதியானது. 1920களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் முயல்களில் ஆராய்ந்து, இந்த வைரஸ் நரம்பு வழியே பயணம் செய்து மூளைக்குப் போகிறது என்று கண்டார்.

அப்படியும் ஒரு புதிர் மிச்சமிருந்தது. புண் ஆறிவிடுகிறது. சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வருகிறது. நடுவில் வைரஸ் எங்கே போகிறது? தோலில் தேடினால் இல்லை. இரத்தத்திலும் இல்லை.

1971இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜாக் ஸ்டீவன்ஸ், மார்ஜரி குக் என்ற இருவர் இதற்கு விடை கண்டார்கள். சுண்டெலியின் பின்னங்கால் பாதத்தில் வைரஸைச் செலுத்தினார்கள். பாதம் வீங்கியது. சில எலிகளுக்குப் பின்னங்கால் செயலிழந்தது. பிழைத்த எலிகள் நன்றாகத் தேறின. சில வாரங்கள் கழித்து, அந்தக் காலுக்குப் போகும் நரம்புகள் முதுகுத்தண்டை ஒட்டி முடிச்சாகத் திரளும் இடத்தை வெட்டி எடுத்தார்கள். எடுத்த உடனே அரைத்துப் பார்த்தால் வைரஸ் இல்லை. அரைக்காமல் அந்த நரம்பு முடிச்சை உயிரணுக்களோடு சேர்த்து வளர்ப்பூடகத்தில் சில நாள் வைத்தால் வைரஸ் வெளியே வந்தது. ஆக, அது அங்கேதான் இருந்திருக்கிறது. தன் மரபுப்பொருளை மட்டும் நரம்பணுவுக்குள் வைத்துக்கொண்டு, பெருகாமல், உடம்பின் காவற்படை கண்ணில் படாமல் உறங்கியிருக்கிறது.

வயலில் கோரை பறித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மேலே உள்ளதை எத்தனை முறை களைந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும்; ஈரம் பட்டதும் துளிர்க்கும்.

எலியில் கண்டதை மனிதரிலும் சரிபார்த்தார்கள். இறந்தவர்களின் உடலில் முகத்து நரம்பு முடிச்சுகளில் முதல் வகை வைரஸை 1972இல் கண்டார்கள். இடுப்புக்குக் கீழே திருவெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் இரண்டாம் வகையை 1974இல் கண்டார்கள். எலி சொன்னது மனிதருக்கும் பொருந்தியது. எலியிடம் சரியான கேள்வியைக் கேட்டிருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம். நரம்பணுவின் அடிப்படை அமைப்பு எலிக்கும் நமக்கும் பெரும்பாலும் ஒன்று. வைரஸ் எங்கே ஒளிகிறது என்ற கேள்விக்கு எலியால் நேர்மையான பதில் சொல்ல முடியும்.

மருந்தின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன், ஹோவர்ட் ஷேஃபர் ஆகியோரின் குழு உருவாக்கிய அசைக்ளோவிர், விலங்குச் சோதனைகளைத் தாண்டித்தான் மனிதரிடம் வந்தது. வைரஸ் தனக்கென்று செய்துகொள்ளும் ஒரு நொதிதான் இந்த மருந்தை முடுக்கிவிடுகிறது. அதனால் தொற்றில்லாத உயிரணுக்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது; 1988இல் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அசைக்ளோவிர் புண்ணைச் சீக்கிரம் ஆற்றும்; மறுபடி வருவதைக் குறைக்கும். நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸை அதனால் எட்ட முடியாது.

கினிப்பன்றி காட்டியது

சுண்டெலியிடம் ஒரு குறை உண்டு. அதன் பிறப்புறுப்பில் தொற்றினால் ஒன்று கடுமையாகி இறந்துவிடும். பிழைத்தால் வைரஸ் உறங்கிவிடும். மனிதருக்கு வருவதுபோல் தானாகவே மறுபடி மறுபடி புண் வருவது எலியில் நடப்பதில்லை. நோயாளியைப் பாடாய்ப்படுத்துவதே அந்த மறுவரவுதான். அதைக் கேட்க வேறோர் உயிர் தேவைப்பட்டது.

1982இல் லாரன்ஸ் ஸ்டான்பெரியும் உடன் பணியாற்றியவர்களும் கினிப்பன்றியில் இந்த நோயின் முழுப் போக்கையும் விவரித்து எழுதினார்கள். தொற்றிய மூன்றாம் நான்காம் நாளில் சிவப்பும் வீக்கமும் தெரியும். பிறகு கொப்புளம் எழும்பும், உடையும், பொருக்குத் தட்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அதன் பிறகு வாரக்கணக்கில், யாரும் எதுவும் செய்யாமலே, அவ்வப்போது ஒரு சிறு கொப்புளம் வந்துபோகும். மனிதரில் நடப்பது போலவே.

இந்த ஆய்வுகளில் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண், ஒரு தாள். தினமும் ஒருவர் கூண்டிலிருந்து விலங்கை எடுத்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்து மதிப்பெண் போடுவார். ஒன்றுமில்லை என்றால் 0. சிவந்து வீங்கியிருந்தால் 1. சிறு கொப்புளங்கள் சில இருந்தால் 2. பெரிய கொப்புளங்கள் பல என்றால் 3. அவை உடைந்து புண்ணாகிக் கிடந்தால் 4. பார்ப்பவருக்கு எந்த விலங்குக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்று தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும். பிறகு பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து, புண் இல்லாத நாளிலும் வைரஸ் வெளியேறுகிறதா என்று சோதிப்பார்கள். மனிதரிலும் புண்ணே இல்லாத நாட்களில் வைரஸ் தோலுக்கு வந்துபோகிறது. பரவல் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் நடக்கிறது. அந்த 0 என்ற மதிப்பெண்ணும் அந்தப் பஞ்சுக்குச்சியும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும் நாட்களில்தான் ஆய்வாளர் அதிகம் கற்றுக்கொள்கிறார்.

நாம் தவறாகப் படித்த இடங்கள்

கினிப்பன்றியை நம்பி உலகம் பெரிய நம்பிக்கை ஒன்றை வளர்த்தது. வைரஸின் மேலுறையில் ஜி.டி. என்றொரு புரதம் இருக்கிறது. அதைத் தடுப்பூசியாகப் போட்டால் கினிப்பன்றியில் புண் வெகுவாகக் குறைந்தது. மனிதருக்குப் போட்டார்கள். 2002இல் வந்த முதல் முடிவுகளில் ஆண்களுக்குப் பயனில்லை. ஆனால் இரண்டு வகை வைரஸும் அதுவரை தொற்றாத பெண்களுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரிந்தது. எனவே அத்தகைய பெண்கள் 8,323 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய சோதனை நடந்தது. 2012இல் முடிவு வந்தது. மொத்தப் பாதுகாப்பு 20 விழுக்காடு. புள்ளியியல்படி அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். முதல் வகை வைரஸால் வரும் பிறப்புறுப்பு நோயை மட்டும் 58 விழுக்காடு தடுத்தது. எதைக் குறிவைத்தார்களோ அந்த இரண்டாம் வகையைத் தடுக்கவில்லை.

கினிப்பன்றி பொய் சொல்லிவிட்டதா? இல்லை. சோதனைச்சாலையில் ஒரு நாள் குறித்து, அளந்து, ஒரே வைரஸை ஒருமுறை செலுத்துகிறோம். வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்குத் தொற்று எந்த நாளில், எவ்வளவு, எத்தனை முறை நேரும் என்று யார் குறிப்பது? மேலும் புண் குறைந்த பல கினிப்பன்றிகளிலும் வைரஸ் நரம்புக்குள் போவது முழுதாக நிற்கவில்லை. கோழியின் மேரக்ஸ் தடுப்பூசியில் பார்த்தோமே, நோயைத் தடுப்பது வேறு, தொற்றைத் தடுப்பது வேறு என்று. அதை இங்கே போதிய அழுத்தத்தோடு யாரும் கேட்கவில்லை. விலங்கு தன் பதிலைச் சொல்லிவிட்டது. அதை நாம் வேறொரு கேள்வியின் பதிலாக எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு எடுத்துக்காட்டு, நம் வீட்டுப் பெண்களோடு நேரடியாகத் தொடர்புடையது. சுண்டெலியின் பிறப்புறுப்பில் இந்த வைரஸ் எளிதில் தொற்றாது. தொற்றவைக்க, ஐந்தாறு நாள் முன்னதாக மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஊசியைப் போடுகிறார்கள். அது உட்படலத்தை மெலியச் செய்து வைரஸுக்கு வழிவிடுகிறது. அதே மருந்துதான் நம் அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகத் தரப்படும் மூன்று மாதக் கருத்தடை ஊசி. இதைக் கேட்டதும் பதறக் கூடாது. கணக்குப் போட வேண்டும். 20 கிராம் எடையுள்ள எலிக்கு 2 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 150 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 3 மில்லிகிராம். முப்பது மடங்குக்கு மேல் வேறுபாடு. எலியில் நடந்ததால் பெண்ணிலும் நடக்கும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்றுமே இருக்காது என்றும் சொல்ல முடியாது. பெண்களிடமே கேட்டாக வேண்டும். எச்.ஐ.வி. தொற்று குறித்து அப்படிக் கேட்டார்கள். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 7,829 பெண்களிடம் இந்த ஊசி, காப்பர்-டி, தோலுக்கடியில் வைக்கும் குச்சி மூன்றையும் ஒப்பிட்டு 2019இல் முடிவு வெளியிட்டார்கள். எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தில் மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. எலி ஓர் ஐயத்தை எழுப்பலாம். அந்த ஐயத்துக்கு விடை மனிதரிடம்தான் கிடைக்கும்.

குரங்கு

எலி வேண்டாம், கினிப்பன்றி வேண்டாம், நமக்கு நெருங்கிய உறவான குரங்கிடமே கேட்கலாமே என்று தோன்றும். ரீசஸ் குரங்குக்கு இரண்டாம் வகை வைரஸைத் தொற்றவைத்தால் பெரும்பாலும் புண்ணே வருவதில்லை. உறவு நெருக்கம் என்பதால் நோயும் அப்படியே வரும் என்று நினைத்தால் ஏமாற வேண்டியதுதான். ஒவ்வொரு ஹெர்பிஸ் வைரஸும் தன் சொந்த உயிரோடு யுகக்கணக்கில் பழகியது. சொந்த வீட்டில் சாதுவாக இருப்பது அடுத்த வீட்டில் கொலைகாரனாகலாம். ஆசியக் குரங்குகளிடம் 'பி வைரஸ்' என்று ஒன்று உண்டு. குரங்குக்கு அது உதட்டுக் கொப்புளம் மாதிரி. 1932இல் நியூயார்க்கில் குரங்கு கடித்த இளம் ஆய்வாளர் ஒருவர் அதனால் மூளை பாதித்து இறந்தார். பின்னாளில் போலியோ சொட்டு மருந்து தந்த ஆல்பர்ட் சேபின், அந்த இறப்பிலிருந்தே அந்த வைரஸைப் பிரித்தறிந்தார். கோயில் குளத்தில் குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் ஊசிக்கும் அதுவே வழி.

குரங்கு விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் போலியோ தடுப்பூசிக்காக இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் குரங்குகள் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றுமதியாயின. வழியில் செத்தவையும் ஏராளம். 1977 டிசம்பரில் மொரார்ஜி தேசாய் அரசு தடையை அறிவித்தது. 1978 ஏப்ரலில் ஏற்றுமதி நின்றது. குரங்கு கிடைக்காமல் போனதும் உலகம் அழிந்துவிடவில்லை. குரங்கைக் கூண்டிலேயே வளர்க்கவும், குரங்கு தேவைப்படாத வழிகளைத் தேடவும் ஆய்வகங்கள் கற்றுக்கொண்டன.

சட்டம் கேட்கும் கேள்வி

சமண முனிவர்கள் கல்லில் படுக்கை வெட்டித் தவமிருந்த சித்தன்னவாசல் நம் மாவட்டத்தில் இருக்கிறது. உயிருக்குத் தீங்கு செய்யலாமா என்ற கேள்வி இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி. கினிப்பன்றிக்கும் வலிக்கும். எலி நடக்க முடியாமல் கிடந்து செத்தால் அது ஒரு சாவுதான். நமக்குப் பயன் கிடைத்தது என்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது. இதை மறைத்துக்கொண்டு அறிவியலின் பெருமை பேச என்னால் முடியாது.

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் நாட்டியத்துக்காக அறியப்பட்டவர். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னபின் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அந்தச் சட்டம் ஆய்வைத் தடைசெய்யவில்லை, வரம்பு கட்டியது. வேறு வழியில் அறிய முடிந்தால் விலங்கைத் தொடாதே. வலிக்கும் சோதனையில் மயக்கமருந்து கொடு. கினிப்பன்றி, முயல், தவளை, எலி போன்ற சிறு விலங்குகள் போதுமென்றால் பெரியவற்றிடம் போகாதே. இவையெல்லாம் அதன் 17ஆம் பிரிவில் இருக்கின்றன. 1998இல் விதிகள் வந்தபின், விலங்குகளில் ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருந்தாக வேண்டும். அதில் அறிவியலாளர் அல்லாத, சமூக அக்கறையுள்ள ஓர் உறுப்பினருக்கும் இடம் உண்டு. அந்த நாற்காலியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆய்வாளர் நாற்பது எலி கேட்கும்போது, இருபது ஏன் போதாது என்று கேட்க வேண்டியவர் அவர். இந்த அவையில் இருக்கும் ஓர் ஆசிரியர், ஒரு வழக்கறிஞர், ஊர்நலனில் அக்கறையுள்ள ஒரு பெண், யாரும் நாளை அங்கே உட்காரலாம்.

உலகமும் மாறிவருகிறது. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை அமெரிக்கா 2022இல் தளர்த்தியது. இந்தியாவும் 2023இல் விதிகளைத் திருத்தி, மனித உயிரணுக்களைக் கொண்டு செய்யும் முறைகளை ஏற்றுக்கொண்டது. ஹெர்பிஸ் ஆய்விலும் எந்த விலங்கும் சொல்லாத ஒன்றை நோயாளிகளே சொன்னார்கள். சியாட்டிலில் தாமாக முன்வந்தவர்கள் புண் ஆறிய இடத்திலிருந்து சிறு தோல் துணுக்கைத் தந்தார்கள். புண் ஆறிப் பல வாரம் ஆன பிறகும் அந்த இடத்தில் நரம்பு முனைகளை ஒட்டி டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் உயிரணுக்கள் காவலிருப்பது அதில் தெரிந்தது. தடுப்பூசி செய்பவர்கள் இப்போது அந்தக் காவலை வலுப்படுத்தும் வழி தேடுகிறார்கள்.

இப்போதைய நிலை

2019இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சீதா அவஸ்தி, ஹார்வி ஃபிரீட்மன் குழுவினர் ஓர் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை வெளியிட்டார்கள். பழைய ஜி.டி. புரதத்தோடு, வைரஸ் நம் எதிர்ப்பாற்றலிலிருந்து தப்பிக்கப் பயன்படுத்தும் வேறு இரண்டு புரதங்களையும் சேர்த்துக் குறிவைத்தது அது. 64 எலிகளில் 63இல் தொற்றின் தடயமே இல்லை. கினிப்பன்றிகள் பத்திலும் புண் வரவில்லை. புண்ணோடு நிற்காமல் தொற்றையே எண்ணினார்கள். 2012இன் பாடம் அதில் தெரிகிறது. இதன் தொடர்ச்சியாக 2022 டிசம்பரில் மனிதரில் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. வேறொரு பெரிய நிறுவனம் தன் ஹெர்பிஸ் தடுப்பூசி எதிர்பார்த்த பலன் தரவில்லை என்று 2024இல் அறிவித்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், சியாட்டிலில் கீத் ஜெரோம் குழுவினர் நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸின் மரபிழையையே வெட்டும் நொதியை எலிகளுக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள். முதல் வகை வைரஸ் தொற்றிய எலிகளில் உறங்கும் வைரஸ் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக 2020இல் எழுதினார்கள். கிழங்கையே தோண்டும் முயற்சி இது. இதுவரை எலியில் மட்டும்தான்.

நம் பங்கு

இனி, இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, மாணவர்களுக்கு. 'ஹெர்பிஸுக்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று செய்தி பார்த்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த விலங்கில்? எத்தனை விலங்குகளில்? புண்ணை எண்ணினார்களா, தொற்றை எண்ணினார்களா? மனிதரிடம் கேட்டாயிற்றா? இந்த நான்கையும் கேட்கப் பழகியவரை எந்தப் போலி மருத்துவ விளம்பரமும் ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, கருவுற்றிருக்கும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். உங்களுக்கோ கணவருக்கோ பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ எப்போதாவது வந்திருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்குத் தொற்றலாம். பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்து. கருவுற்ற கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால் அபாயம் மிக அதிகம். தெரிந்தால் மாத்திரை தரலாம், தேவைப்பட்டால் அறுவைப் பிரசவம் செய்யலாம். தெரியாவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்?

மூன்றாவது, எல்லோருக்கும். தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவமனைகளில் 'சுகவாழ்வு மையம்' என்று பலகை போட்ட அறை இருக்கும். பால்வினை நோய்களுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்களுக்கு நிறம் பிரித்து மருந்துப் பொட்டலங்கள் வகுத்திருக்கிறது. ஹெர்பிஸுக்குரியது சிவப்பு. அதற்குள் 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரைகள் 21. வேளைக்கு ஒன்றாக, நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். இரண்டாம் வகை ஹெர்பிஸ் இருப்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே அந்த அறைக்குப் போகிறவர் ஒரு புண்ணுக்கு மட்டும் மருந்து வாங்கி வரவில்லை.

முயலின் கண்ணும், எலியின் நரம்பும், கினிப்பன்றியின் புண்ணும், சோதனைக்கு முன்வந்த மனிதரின் துணிவும் சேர்ந்துதான் அந்தச் சிவப்புப் பொட்டலம் ஆகியிருக்கிறது. வெட்கத்தால் அதை வாங்காமல் விட்டால் அத்தனை உயிர்களின் வலியும் வீண். விலங்கை வதைக்கலாமா என்று நியாயமாகவே கேட்கிற நாம், வதைத்துப் பெற்றதை வீணாக்கலாமா என்றும் கேட்டாக வேண்டும். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே அறம்தான்.

வெட்கத்தை இந்த மாவட்டம் ஒருமுறை வென்று காட்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, எழுதப் படிக்கக் கற்ற கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் மிதித்தார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். கேலி ஓய்ந்தது, சைக்கிள் நிற்கவில்லை. அன்று மிதித்தவர்களில் சிலர் இன்று பாட்டிகளாக இந்த அவையில் இருக்கக்கூடும். உங்கள் மகளையும் மருமகளையும், மகனையும் மருமகனையும், அந்த அறைக்குக் கைபிடித்து அழைத்துப் போகிறவர்களாக நீங்களே இருக்க வேண்டும். அதை உங்களைவிட யாரும் நன்றாகச் செய்ய முடியாது.